ஹெட்லைட் சுவிட்ச்: முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் டேஷ்போர்டிலிருந்து குமிழை மேலும் கீழும் தட்டிப் போடும் டாகிள் சுவிட்சுகள் மூன்றைக் கழற்றி மேசையில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஹெட்லைட்டுக்கு, ஒன்று வைப்பருக்கு, ஒன்று ஹீட்டர் ஃபேனுக்கு. முன்பக்கம் மூன்றும் அச்சு அசல் ஒன்றுதான். அதே குமிழ், அதே வளையம், அதே மரை. திருப்பினால்தான் ஒன்றில் இரண்டு முனை, இன்னொன்றில் மூன்று, நான்கு என்று வித்தியாசம் தெரியும். விற்பவர் படம் பிடித்துக் காட்டுவது முன்பக்கத்தை. நாமும் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறோம். நானும் மயங்கியிருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

ஆகவே இங்கே ஹெட்லைட் கோளாறின் ஒவ்வொரு அறிகுறியையும் எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேட்கப் போகிறோம். கோளாறு உண்மையிலேயே சுவிட்சில்தானா? ஆமாம் என்றால், அந்த இடத்துக்குச் சரியான சுவிட்ச் எது?

கையை வைக்கும் முன்

பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். சாவியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். 1960-களின் பல பிரிட்டிஷ் கார்களில் ஹெட்லைட் சுவிட்சுக்கு வரும் பழுப்பு ஒயரில் சாவி போட்டாலும் போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும், நடுவில் ஃபியூஸும் கிடையாது. அது இரும்பு டேஷ்போர்டில் ஒரு முறை உரசினால் ஒயர் முழுக்கச் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்.

அப்புறம், எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்று படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு கட்டுங்கள். பழைய சுவிட்ச் உடைந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். செத்த சுவிட்சும் சாட்சி சொல்லும். அதன் உடம்பில் அச்சான எண், முனைகளின் எண்ணிக்கை, தண்டின் நீளம், மரையின் விட்டம் இவையெல்லாம் புதியதைத் தேடும்போது கேட்லாக்கைவிட நம்பகமானவை. அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் தயாரிப்புகளில் பெரும்பாலும் ஐந்து இலக்கப் பாக எண்ணும் பக்கத்திலேயே தயாரான காலத்தைக் குறிக்கும் சிறிய எண்ணும் இருக்கும். ‘6 67’ என்று இருந்தால் 1967-ஐ ஒட்டிய சரக்கு. 1964 கார் ஒன்றில் அந்தச் சுவிட்ச் இருந்தால், நமக்கு முன்பே யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதையே மாதிரியாக வைத்து இன்னொன்று வாங்கினால் அவர் செய்த தப்பை நாமும் செய்வோம்.

சுவிட்ச் போட்டும் எதுவுமே எரியவில்லை

இந்த அறிகுறிக்குச் சுவிட்சைத்தான் முதலில் குறை சொல்வார்கள். பாதி நேரம் அது நிரபராதி.

காரில் ஹெட்லைட்டை ஒரு கணம் மின்ன வைக்கும் ஃபிளாஷர் இருந்தால் அதை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பல கார்களில் ஃபிளாஷர் முதன்மைச் சுவிட்சைத் தொடாமல் நேராக ஹை பீமுக்குக் கரண்ட் கொடுக்கும். ஃபிளாஷரில் விளக்கு எரிகிறது, சுவிட்சில் எரியவில்லை என்றால் பல்பு, எர்த், முன்பக்க ஒயரிங் மூன்றும் சரி. சந்தேகம் சுவிட்ச், ஹை பீம் லோ பீம் மாற்றும் டிப் சுவிட்ச், இரண்டுக்கும் இடையே உள்ள ஒயர் என்று சுருங்கிவிடும். பத்து வினாடி வேலை, ஆனால் அரை நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

அடுத்தது டெஸ்ட் லாம்ப், அதாவது ஒரு முனையை எர்த்தில் மாட்டி மறுமுனையால் தொட்டால், கரண்ட் இருக்கும் இடத்தில் எரியும் சிறு பல்பு. இந்த வேலைக்கு எனக்கு மல்டிமீட்டரைவிட இதுதான் பிடிக்கும், காரணம் பின்னால் வருகிறது. பேட்டரியை மறுபடி இணைத்து, லூகாஸ் நிறக் கணக்குப்படி வரிசையாகப் போங்கள். சுவிட்சுக்கு உள்ளே வருவது பழுப்பு. சில கார்களில் பழுப்பில் நீலக் கோடு. அதில் லாம்ப் எரியாவிட்டால் சுவிட்சை விட்டுவிட்டு பேட்டரி பக்கம் போக வேண்டும். எரிந்தால், சுவிட்சைக் கடைசி நிலைக்குத் தள்ளி நீல ஒயரைத் தொடுங்கள். நீலம் இங்கிருந்து டிப் சுவிட்சுக்குப் போவது. பழுப்பில் எரிந்து நீலத்தில் எரியாவிட்டால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டது. நீலத்திலும் எரிந்தால் டிப் சுவிட்சுக்கு நகருங்கள். அங்கிருந்து வெளியே போவது நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீமுக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு லோ பீமுக்கு.

ஜெர்மன் கார்களில் நிறத்தைவிட எண் பேசும். சுவிட்சின் முதுகில் 30 என்றால் பேட்டரி, 58 என்றால் பார்க்கிங் மற்றும் டெயில் விளக்குகள், 56 என்றால் ஹெட்லைட். 56-இலிருந்து பிரிவதில் 56ஏ ஹை பீம், 56பி லோ பீம். 31 என்றால் எர்த். ஒரு ஜெர்மன் சுவிட்ச் கையில் கிடைத்தால் அது என்ன செய்யும் என்பது அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் புண்ணியத்தை நமக்குச் செய்யவில்லை.

ஹெட்லைட் போட்டால் டெயில் லைட் அணைகிறது

என் சொந்தக் கதை இதுதான். மூன்று நிலை டாகிள் ஒன்று வாங்கினேன். அளவு சரி, குமிழ் சரி, மரைகூடப் பிசகாமல் உட்கார்ந்தது. முன்னால் நின்று பார்த்தேன், ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் வந்த ஒருவர் முந்திவந்து சன்னலைத் தட்டாத குறையாகச் சொன்னார்: “பின்னாடி ஒரு லைட்டும் எரியலைங்க, இருட்டுல வண்டி இருக்கறதே தெரியல.”

பழைய கார்களின் விளக்குச் சுவிட்ச் படிப்படியாக ஏறுகிற வகை. முதல் நிலையில் எல்லாம் அணைந்திருக்கும். இரண்டாவதில் சைடு லைட், டெயில் லைட், மீட்டர் விளக்குகள் வரும். மூன்றாவதில் ஹெட்லைட் சேரும். கவனியுங்கள், சேரும், முந்தையது அணையாது. நான் வாங்கியது இரண்டு பக்கமும் ஆன், நடுவில் ஆஃப் என்ற வகை. அதில் ஒரு பக்கம் தள்ளினால் சைடு லைட் மட்டும், மறுபக்கம் தள்ளினால் ஹெட்லைட் மட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வரவே வராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வகைக்கும் மூன்று நிலைதான். சாதாரண எலக்ட்ரிக்கல் கடைகளில் எளிதில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான் என்பது கூடுதல் தொல்லை.

சோதிப்பது சுலபம். சுவிட்சை மேசையில் வைத்து, மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் வரும் நிலையில் வையுங்கள். ஒரு முள்ளை பேட்டரி முனையிலேயே பிடித்துக்கொண்டு, மற்ற முனைகளை ஒவ்வொரு நிலையிலும் தொட்டுப் பாருங்கள். ஒரு தாளில் மூன்றே வரி எழுதினால் போதும். சரியான சுவிட்ச் என்றால் முதல் வரியில் ஒன்றுமில்லை, இரண்டாம் வரியில் சைடு முனை, மூன்றாம் வரியில் சைடு, ஹெட் இரண்டுமே. மூன்றாம் வரியில் ஹெட் மட்டும் இருந்தால் அது உங்கள் காருக்கு ஆகாது. எந்த முனை பேட்டரி முனை என்றே தெரியாவிட்டால் ஜோடி ஜோடியாகத் தொட்டுப் பாருங்கள். மூன்றாம் நிலையில் மற்ற எல்லாவற்றோடும் பீப் அடிக்கிற முனைகளில், இரண்டாம் நிலையிலும் பீப் அடிப்பவை பேட்டரியும் சைடும். அவற்றில் எது எது என்று பழைய சுவிட்சின் படம் சொல்லிவிடும்.

இதே சோதனை வைப்பர் சுவிட்சையும் காட்டிக்கொடுக்கும். இரண்டு வேக வைப்பரின் சுவிட்சுக்கும் மூன்று நிலை உண்டு. பழைய பொருள்களின் குவியலில் ‘லைட் சுவிட்ச்’ என்று சீட்டு ஒட்டிக் கிடப்பதில் வைப்பர் சுவிட்சும் கலந்திருக்கும்.

எரிகிறது, ஆனால் மங்கல்

பல்பு மாற்றுவார்கள், பிரதிபலிப்பான் மாற்றுவார்கள், கடைசியில்தான் வோல்ட் அளப்பார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

ஹெட்லைட் எரியும்போது பேட்டரியின் இரு முனைகளில் எவ்வளவு, பல்பின் முனைகளில் எவ்வளவு என்று அளந்து கழித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வழியில் யாரோ தின்கிறார்கள். இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் சின்னக் குறைவும் கண்ணுக்கு அவ்வளவு மோசமாகத் தெரிகிறது.

தின்பது சுவிட்சா என்று பார்க்க, விளக்கு எரியும்போதே மீட்டரின் ஒரு முள்ளைப் பழுப்பு முனையிலும் மற்றொன்றை நீல முனையிலும் வையுங்கள். காட்டும் எண்தான் சுவிட்ச் விழுங்குவது. 0.1 அல்லது 0.2 வோல்ட் பரவாயில்லை. இதை விளக்கு எரியாதபோது ஓம் அளந்து கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் தன் சோதனைக்கு அனுப்புவது ஊசிமுனை அளவு கரண்ட். கருகிப்போன தொடுமுனையில் ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் ‘பீப்’ என்று சொல்லி நம்மை ஏமாற்றும். டெஸ்ட் லாம்ப் கொஞ்சமாவது கரண்ட் இழுக்கும் என்பதால்தான் அது எனக்குப் பிடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஹெச்4 பல்பின் லோ பீம் 55 வாட். இரண்டுக்கும் சேர்த்து 110 வாட், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருந்தால் 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். மீட்டரில் 0.1 ஓம் என்பது முள்ளின் சொந்தத் தடையோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தச் சிறிய தொடுமுனையில் 8 வாட் வெப்பம் உட்கார்ந்திருக்கும்.

சுவிட்ச் நல்லது என்று தெரிந்தால் எர்த்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் சுவிட்சைத் தொடவே வேண்டாம். இரண்டு விளக்குக்கும் பொதுவான சுவிட்ச் ஒன்றை மட்டும் பட்டினி போடாது. எர்த் கெட்டிருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடி, சம்பந்தமில்லாத விளக்கை மினுக்க வைக்கும்.

சுவிட்ச் சுடுகிறது, கருகல் வாசனை வருகிறது

முந்தைய பகுதியின் 8 வாட்தான் இது. குமிழைத் தொட்டாலே சூடு தெரிகிறது என்றால் உள்ளே பிளாஸ்டிக் இளகத் தொடங்கியிருக்கும். ஓட்டுவதை நிறுத்துங்கள்.

இங்கே மாற்றுச் சுவிட்ச் தேடுபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. உடம்பில் ‘15 ஆம்பியர் 250 வோல்ட்’ என்று அச்சிட்டிருக்கும். நமக்கு வேண்டியது 10 ஆம்பியர்தானே, தாராளம் என்று தோன்றும். அது வீட்டு மின்சாரமான ஏசியின் கணக்கு. ஏசியில் கரண்ட் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தொடுமுனை பிரியும்போது எழும் பொறி தானாக அணையும். கார் பேட்டரியின் டிசியில் அந்த உதவி கிடையாது. போதாக்குறைக்கு, குளிர்ந்த பல்பு இழையின் தடை மிகக் குறைவு. போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு அருகில் கரண்ட் பாயும். டிசி அளவு தனியாக எழுதாத சுவிட்சை ஹெட்லைட்டுக்கு நேரடியாகப் போடுவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

காரின் அசல் சுவிட்சும் அது பிறந்த காலத்துப் பல்புக்காகச் செய்யப்பட்டது. 100/90 வாட் (ஹை பீம் 100, லோ பீம் 90) பல்பு மாட்டினால் ஹை பீமில் மட்டும் 16 ஆம்பியருக்கு மேல் போகும். எந்தப் பழைய சுவிட்சும் அதை நெடுநாள் தாங்காது.

என் தீர்ப்பு: அசல் சுவிட்ச் கிடைத்தாலும் ரிலே போடுங்கள், அதாவது சுவிட்சிலிருந்து வரும் சிறிய கரண்டால் பேட்டரியின் பெரிய கரண்டைத் திறந்து மூடும் பெட்டி. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. டிப் சுவிட்சிலிருந்து வரும் ஒயர் ரிலேயின் 86 எண் முனைக்கு, எர்த் 85-க்கு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, விளக்கு 87-இல். அதன் பிறகு சுவிட்ச் சுமப்பது ரிலேயின் சுருளுக்கு வேண்டிய 0.2 ஆம்பியர் அளவுதான். ஐம்பது வருடப் பழைய சுவிட்சும் நிம்மதியாக இருக்கும், விளக்கும் முழு வோல்ட் வாங்கும். ரிலேயை ரேடியேட்டர் பக்கம் மறைத்துவிட்டால் டேஷ்போர்டின் அசல் தோற்றம் கெடாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடம்போடு இணைந்த பாசிட்டிவ் எர்த் கார் என்றால் உள்ளே டையோடு வைத்த ரிலேயைத் தவிர்க்க வேண்டும். சாதாரணச் சுவிட்சுக்கு எர்த் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை.

தானாக அணைந்து அணைந்து எரிகிறது

அமெரிக்க கார் என்றால் கொஞ்சம் பொறுங்கள். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ஹெட்லைட் சுவிட்சுக்குள்ளேயே வெப்பத்தில் திறக்கும் சர்க்யூட் பிரேக்கர் ஒன்று உண்டு. கரண்ட் மிகுந்தால் சூடேறித் திறக்கும், ஆறியதும் மூடும். ஓட்டுநருக்கு விளக்கு சீரான இடைவெளியில் போய்ப் போய் வருவதாகத் தெரியும். இரவில் முழு இருட்டில் விடாமல் இப்படி எச்சரிப்பது நல்ல யோசனைதான். இங்கே சுவிட்சை மாற்றுவது மருந்தல்ல. முதலில் அதிக வாட் பல்பு இருக்கிறதா, ஒயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால்தான் பிரேக்கர் வயதாகித் தளர்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

பிரிட்டிஷ் காரில் இதே அறிகுறி வந்தால் அது சீராக இருக்காது, பள்ளத்தில் இறங்கும்போது வரும். லூஸ் கனெக்ஷன். உருளை வடிவ புல்லட் கனெக்டர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள்.

ஹை, லோ மாறவில்லை

இரண்டு பக்கமும் ஒரே பீம் போயிருந்தால் டிப் சுவிட்ச். எம்ஜிஏ, டிரையம்ஃப் டிஆர்3 போன்றவற்றில் அது காலால் மிதிப்பது. காலணியின் மண்ணும் நனைந்த கார்ப்பெட்டின் ஈரமும் நேராக அதன் தலையில்தான் இறங்கும். கழற்றி உதறி, தொடுமுனையைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை அடித்து, இருபது முப்பது தடவை அழுத்தினால் பல நேரம் உயிர் வரும். மாற்றுவதானால் திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்து வாங்குங்கள்.

டாட்சன் 240இசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் பாசிட்டிவ் நேராக ஹெட்லைட்டுக்குப் போகும்; டிம்மர் சுவிட்ச் (இதுவும் டிப் சுவிட்ச்தான்) வெட்டி இணைப்பது எர்த் பக்கத்தை. பிரிட்டிஷ் காருக்கான ரிலே ஒயரிங்கை அப்படியே இதில் மாட்டினால் வேலை செய்யாது.

சுவிட்சை இழுத்தால் விளக்கு எரிகிறது, மேலே எழவில்லை

1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறை கார்வெட்டில் மறைந்திருக்கும் ஹெட்லைட்டை எழுப்புவது எஞ்சினின் வெற்றிடம். அதனால் ஹெட்லைட் சுவிட்சின் முதுகில் மின்முனைகளோடு வெற்றிடக் குழாய்களுக்கான வால்வும் ஒட்டியிருக்கும். அதே நிறுவனத்தின் வேறு காருக்கான சுவிட்சைப் போட்டால் பிளக் பொருந்தலாம், விளக்கும் எரியலாம்; குழாயை மாட்ட இடம் இருக்காது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டால் வால்வோ குழாயோ கசிகிறது. இதற்கு முந்தைய தலைமுறையில், 1963 முதல் 1967 வரை, விளக்கைச் சுழற்றுவது மின்மோட்டார், அதற்குத் தனிச் சுவிட்ச். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

இந்த அமெரிக்க இழுவைச் சுவிட்சுகளில் குமிழைப் பிடுங்கி எடுக்க முயன்று உடைப்பவர்கள் அதிகம். குமிழை முழுக்க வெளியே இழுத்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டுச் சுவிட்ச் உடம்பில் உள்ள சிறிய பட்டனை அழுத்தினால் தண்டோடு வழுக்கி வந்துவிடும். மீட்டர் விளக்கின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பதும் இதே குமிழைத் திருகித்தான். உள் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறதா? குமிழ் கடைசி வரை திருகப்பட்டிருக்கும். பழுது இல்லை.

எல்லாம் எரிகிறது, பார்க்கத்தான் சரியில்லை

பழைய காரை அசல் நிலைக்குக் கொண்டுவரும் ரெஸ்டோரேஷன் செய்பவருக்கு இதுவும் ஒரு கோளாறுதான். 1968-ஐ ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, மோதலில் உள்ளே இருப்பவரைக் குத்தக்கூடிய டாகிள்களின் இடத்தில், ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும் தட்டையான ராக்கர்கள் வந்தன. ஜாகுவார் ஈ-டைப்பின் முதல் வரிசைக்கு டாகிள்தான் அழகு. 1968 வாக்கில் ராக்கர் வந்துவிட்டது. எம்ஜிபி இன்னும் குழப்பம். அமெரிக்காவுக்குப் போன 1968 மாடல் மெத்தை வைத்த புது டேஷ்போர்டும் ராக்கரும் பெற்றது, அதே ஆண்டில் பிரிட்டனில் விற்றது பழைய இரும்பு டேஷ்போர்டிலேயே தொடர்ந்தது. ஆகவே ஆண்டை மட்டும் சொல்லிச் சுவிட்ச் கேட்டால் போதாது. எந்த நாட்டுக்குச் செய்த கார் என்பதையும் சேஸிஸ் எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதிதாகச் செய்த நகல் சுவிட்சின் உள்பகுதி நன்றாக இருந்து, குமிழ் மட்டும் மட்டமான பிளாஸ்டிக்காக வருவதும் உண்டு. அப்போது பழைய குமிழைக் கழற்றிப் புதியதில் மாட்டிவிடலாம். லூகாஸ் இழுவைக் குமிழ்களின் அடிப்பக்கக் கழுத்தில் கண்ணுக்குச் சட்டெனப் படாத சிறிய துளை ஒன்று இருக்கும். அதற்குள் மெல்லிய கம்பியை விட்டு, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முள்ளை அழுத்திப் பிடித்துக்கொண்டே குமிழை இழுத்தால் வந்துவிடும். அறுபது வருட அழுக்கு அந்தத் துளையை அடைத்திருந்தால், பலத்தைக் காட்டாமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் வரை காத்திருங்கள். முள் உள்ளே போகிற அந்தச் சின்ன ‘டிக்’ விரலுக்குத் தெரியும்.